நாலு பாடத்திட்டம், ஒரு பிள்ளை

மகளுக்கு வீட்டிலேயே பாடம் என்று முடிவெடுத்த முதல் ஆறு மாதத்தில் நாலு பாடத்திட்டம் மாற்றினேன். முதலில் மாண்டிசோரி. அந்த அம்மையார் 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று படித்த வேகத்தில் மணிச்சரங்கள் வாங்கினேன். பிறகு சமச்சீர், என்சிஇஆர்டி, கடைசியில் நானே எக்செல்லில் போட்ட அட்டவணை. புது மென்பொருள் வந்தால் பழையதைத் தூக்கிப்போடுகிற ஆபீஸ் புத்தி.

"பாடத்த நீ மாத்திக்கிட்டே இருந்தா புள்ள எப்பதான்டா படிக்கும்?" என்றாள் அம்மா.

ஒருநாள் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கத் திணறிய மகள், "எனக்குக் கணக்கு வராதாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு வரும். நான்தான் எதையும் பாதிக்குமேல் சொல்லித் தரவில்லை. ஒழுங்கு அவளுக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது சமச்சீர் மட்டும். தினமும் காலை எட்டு மணிக்கு, முதல் மீட்டிங்குக்கு முன் 40 நிமிடம். மணிச்சரங்களையும் வைத்துக்கொண்டோம். பத்து மணி கோத்த ஒரு சரத்தைக் கொடுத்தால் பத்து ஒற்றை மணி. கழித்தலில் கடன் வாங்குவது அவ்வளவுதான் என்று கையால் புரிந்துகொண்டாள்.

நேற்று நான் போனில் எதையோ மேய்ந்துகொண்டிருந்தேன். புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மணி எட்டாச்சு."