அசிங்கத்தில் சிங்கம் இல்லை!

எங்கள் பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். படிப்பில் மோசமில்லை. ஆனால் இங்கிலீஷ் பாடத்தில் நீளமான வார்த்தை வந்தால் போதும், மென்று முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவி விடுவாள். நானோ தமிழ் மீடியத்தில் படித்தவள். ‘நமக்கே தகராறு, இவளுக்கு எங்கே சொல்லித் தருவது?’ என்று டியூஷனுக்கு அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வழி காட்டியவை எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள்தான். நாங்கள் இருப்பது குமணன்சாவடி. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தவள், “ஏம்மா, வேலப்பன்சாவடி, கரையான்சாவடி, குமணன்சாவடி... எல்லாத்துக்கும் ஒரே வாலா இருக்கு?” என்றாள். “சாவடின்னா அந்தக் காலத்துல வழிப்போக்கருங்க தங்கற இடம்டீ. நம்ம தமிழ்ல வால்லதான் நிறைய சேர்ப்போம். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து... பாத்தியா?” என்றேன். சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. இங்கிலீஷில் வால் மட்டுமா, தலைக்குத் தொப்பியும் வைக்கிறார்களே!

அன்று சாயந்திரமே ஆரம்பித்து விட்டோம். ‘ஹாப்பி’ என்றால் சந்தோஷம். ‘அன்’ என்ற தொப்பியை வைத்தால் ‘அன்ஹாப்பி’, சந்தோஷமில்லை. ‘டை’ என்றால் கட்டு. ‘அன்டை’ என்றால் கட்டியதை அவிழ். ஷூ கயிற்றைக் கட்டி, அவிழ்த்துக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் சும்மா இருப்பாரா? “ஏன், நம்மகிட்ட மட்டும் தலையில ஒட்டறது இல்லியா? நியாயம், அநியாயம். கிரமம், அக்கிரமம். சுத்தம், அசுத்தம். தினம் நான் கத்தறதுதானே!” என்றார். வடமொழியிலிருந்து வந்த சொற்கள்தான். ஆனால் குழந்தைக்கு வீட்டில் கேட்டுப் பழகியவை. உடனே அவள், “அப்போ அசிங்கம்னா சிங்கம் இல்லாததா பாட்டி?” என்றாளே பார்க்கலாம்! கீரையை அப்படியே போட்டுவிட்டு மாமியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

சிரித்தாலும், கேள்வி சரியான கேள்வி. மறுநாள் ‘அங்கிள்’ வந்தது. முதல் இரண்டு எழுத்து யு, என். அது தொப்பியா? அதற்காக ஒரு பரீட்சை வைத்துக்கொண்டோம். முன்னால் உள்ள எழுத்துகளைக் கட்டைவிரலால் மறைக்க வேண்டும். மிச்சம் இருப்பது தனியாக ஒரு வார்த்தையா? அதன் அர்த்தம் முழு வார்த்தையின் அர்த்தத்தோடு ஒட்டுகிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால்தான் தொப்பி. ‘அசிங்கம்’ முதல் கேள்வியில் பாஸ், இரண்டாவதில் பெயில். அதற்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

எத்தனை தொப்பிகள் கற்றுத் தருவது என்று நீங்கள் மலைக்க வேண்டாம். 1989-ல் ஒயிட், சோவெல், யனகிஹாரா என்ற மூவர், அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் வரும் இப்படிப்பட்ட வார்த்தைகளை எண்ணிப் பார்த்தார்கள். ‘அன்’, ‘ரீ’, ‘இன்’, ‘டிஸ்’ என்ற நான்கு மட்டுமே நூற்றுக்கு 58 வார்த்தைகளில் வருகின்றனவாம்! வாரத்துக்கு ஒன்று என்றால் ஒரே மாதம். பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, தொப்பிகளை ஒரு டப்பாவிலும் வார்த்தைகளை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டோம். ஒட்டினால் அவளுக்கு ஒரு மார்க், ஒட்டாவிட்டால் எனக்கு.

‘இன்’ கொஞ்சம் வேஷம் மாறும். ‘இன்கரெக்ட்’ என்பது, ‘பாஸிபிள்’ முன்னால் ‘இம்பாஸிபிள்’ ஆகிறது. ‘லீகல்’ முன்னால் ‘இல்லீகல்’. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறதல்லவா, அதுபோல நாக்குக்குச் சுலபமாக மாறுகிறது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பொங்கல் வரை. ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, தின்னர் பாட்டிலைக் கீழே வைத்திருந்தோம். விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், பாட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது! ஒரே தாவலில் போய் எடுத்தேன். “பயப்படாதேம்மா, ‘இன்ஃப்ளேமபிள்’னு போட்டிருக்கு. ‘இன்’னா இல்லைன்னு நீதானே சொன்னே? தீப்பிடிக்காது!” என்றாள், பெருமையாக.

எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. தப்பு அவளுடையதா? பாதி பாடம் சொன்னது நான்தானே!

அகராதியைப் புரட்டினேன். இந்த ‘இன்’ வேறு. லத்தீனில் ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘இன்’. ‘இன்ஃப்ளேமபிள்’, ‘ஃப்ளேமபிள்’ இரண்டுக்குமே எளிதில் தீப்பிடிக்கும் என்றுதான் அர்த்தம். பெரியவர்களே குழம்பியதால்தான் 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. டாக்டர் ‘இன்ஃப்ளமேஷன்’ என்கிறாரே, அதுவும் இதே குடும்பம்தான். தமிழில் அதை அழற்சி என்கிறோம். அழல் என்றாலும் தீதான்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, “அம்மா சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சுடா. தொப்பி பாதி வழிதான் காட்டும். சந்தேகம் வந்தா கேட்கணும், நெருப்பு, மருந்து விஷயத்துல சந்தேகம் வராட்டாலும் கேட்கணும்” என்றேன். தின்னர் பாட்டில் அன்றே பரண் ஏறியது. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பெயின்ட், ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போன வாரம் ஸ்கூட்டரில் போகும்போது சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் டேங்கர். பின்னால் சிவப்பு எழுத்தில் அதே வார்த்தை. முன்னால் நின்றிருந்தவள் அப்பாவின் கையைச் சுரண்டி, “தள்ளி நிறுத்துங்கப்பா, அது சீக்கிரம் தீப்பிடிக்கும். இந்த ‘இன்’ பொய்த் தொப்பி!” என்றாள்.

டியூஷன் யோசனையை அன்றோடு விட்டுவிட்டேன்.