ஒரு நிமிடத்தின் விலை

"இன்னும் எத்தனை வருஷம்மா?"

அப்பா கேட்டபோது மதுரையில் காலை ஆறு மணி. நான் இருந்த வெஸ்ட் லஃபாயட்டில் முந்தின நாள் இரவு எட்டரை. இண்டியானா மாநிலத்தின் சோளக்காடுகளுக்கு நடுவே, வாபாஷ் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் அது. அங்குள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். முடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. படித்து முடித்தவர்களுக்கு விசா தருகிற வேலை அனுமதி 12 மாதம், எங்களைப் போன்ற பொறியியல்காரர்களுக்கு மேலும் 24 மாதம். ஆக மூன்று வருடம் சம்பாதிக்க வழி திறந்திருந்தது. ஊரில் வங்கியில் 18 லட்ச ரூபாய் கல்விக்கடன், அப்பாவின் கையெழுத்தில். இந்த நிலைமையில் பெண் போன் போட்டு, வேலைக்குப் போகவில்லை, பிஎச்.டி. சேரப்போகிறேன் என்றால் எந்தத் தகப்பனும் அப்படித்தான் கேட்பார்.

"நாலு வருஷம்ப்பா. அஞ்சுகூட ஆகலாம்."

பக்கத்திலிருந்து அம்மா குரல் வந்தது. "அதான் மாஸ்டர் பட்டம் வாங்கிட்டாளே, அதுக்கு மேல என்ன படிப்பு?"

எம்.எஸ். என்பது காசு கொடுத்துப் படிப்பது, பிஎச்.டி. என்பது பெரும்பாலும் அவர்கள் காசு கொடுத்துப் படிக்கவைப்பது என்பதை அன்றிரவு விளக்கினேன். வாரம் 20 மணி நேரம் வகுப்பு உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. வாடகை, அரிசி, பருப்பு போக மிச்சம் பிடித்தால் கடனுக்குக் கொஞ்சம் அனுப்பலாம். பட்டத்துக்கு 90 கிரெடிட் வேண்டும், எம்.எஸ்.ஸில் எடுத்த 30ஐ அதில் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, என்னத்தப் பத்திப் படிக்கப் போற, அதச் சொல்லு" என்றார்.

"காத்திருக்கிறதப் பத்திப்பா. வரிசையில நிக்கிறதப் பத்தி."

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்தவர். பெரியார் பேருந்து நிலையத்தில் நோட்டும் விசிலுமாக இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறார். நான் வகுப்பில் படித்ததைச் சொன்னேன். ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்பது, ஆட்கள் வருகிற வேகத்தையும் ஒருவர் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைத்துவிடும். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் அதை நிரூபித்தார். நிமிஷத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள், 20 நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால் ஒருவர் சராசரியாகப் பத்து நிமிஷம் நிற்பார். சராசரியாக முப்பது பேர் நிற்பார்கள்.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரெண்டு வண்டி சேந்து வந்துச்சுன்னா அறுபது பேர் நிப்பான். மொத வண்டில புட்போர்டு, பின்னாடி வர்ற வண்டி காலியா வரும். முன்னாடிப் போறவன் லேட்டாக லேட்டாக அவனுக்குக் கூட்டம் கூடும், ஏத்தி இறக்கவே நேரமாகும், பின்னாடி வர்றவன் வந்து ஒட்டிக்குவான். அதுக்குத்தான பாப்பா நாங்க விசில ஊதி பின் வண்டிய நிறுத்தி வைக்கிறது!"

பேருந்துகள் இப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964இலேயே கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து படித்துத்தான் எனக்குப் புரிந்தது. அப்பா அதைக் காலைக் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "படிம்மா. கடன நான் பாத்துக்கறேன்" என்றும் சொன்னார்.

எனக்கு இந்த ஆசை வந்ததற்கும் மதுரைதான் காரணம். எம்.எஸ். இரண்டாம் பருவத்தில் மருத்துவச் சேவை பற்றிய ஒரு பாடம். பேராசிரியர் திரையில் ஒரு படம் போட்டார். ஓர் அறுவை அரங்கு. அடுத்தடுத்து இரண்டு மேசைகள். இரண்டுக்கும் நடுவே நுண்ணோக்கி. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொரு நோயாளியைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். மருத்துவர் இதை முடித்துவிட்டு நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். அரவிந்த் கண் மருத்துவமனை! டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல், 11 படுக்கைகளோடு, ஒரு வீட்டில் தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு ஆயிரக்கணக்கான அறுவைகள் செய்தவர் அவர். அமெரிக்காவில் ஹம்பர்கர் கடைகள் எந்த ஊரில் திறந்தாலும் ஒரே தரத்தில் நடக்கிற முறையைப் பார்த்து, கண்புரை அறுவையையும் இப்படிச் செய்ய முடியாதா என்று யோசித்தார். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் அதைப் பாடமாகவே எழுதிவிட்டது.

அந்த மேசைகளில் ஒன்றில் என் அப்பத்தா படுத்திருக்கிறாள். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கண் முகாம் வந்து, பேருந்தில் கூட்டிப்போய், அறுவை செய்து, சோறு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. கட்டவிழ்த்த அன்று என் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "நீ இம்புட்டுக் கறுப்பாடி?" என்று கேட்டவள். வகுப்பில் கை தூக்கி, அது என் ஊர் என்றேன். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை இந்தப் படிப்பு தொழிற்சாலைக்கானது என்றுதான் எனக்கு நினைப்பு. அப்பத்தாவின் கண்ணுக்கும் எனக்குக் கிடைக்கப்போகும் பட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை அட்லாண்டிக் தாண்டிப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பிஎச்.டி.யின் முதல் வருடம் தகுதித் தேர்வில் போயிற்று. நிகழ்தகவு, உகப்பாக்கம், புள்ளியியல். தூக்கம் கெட்ட மாதங்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தவர் லில்லியன் கில்பிரெத். 1972இல் இறந்துபோனவர். பர்டூவில் 1935இல் பேராசிரியராகச் சேர்ந்தவர். அவரும் கணவர் ஃபிராங்கும் எழுதிவைத்த காகிதங்கள் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. கொத்தனார் ஒரு செங்கல் வைக்க எத்தனை அசைவு செலவழிக்கிறார் என்று எண்ணிப் பார்த்து, வீணானதை நீக்கி, அவர் குனிந்து நிமிர்வதைக் குறைத்தவர் ஃபிராங்க். லில்லியன் 1902இல் முதுகலை முடித்தார். பிறகு எழுதிய ஆய்வேட்டைக் கலிஃபோர்னியாவில் ஏற்றுக்கொண்டும், வளாகத்தில் தங்கிப் படிக்கவில்லை என்ற விதியைக் காட்டிப் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை, இன்னொரு ஆய்வேடு எழுதி, 1915இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே 13 வருடம், கைக்குழந்தைகள், வீடு, நிறுவனம். எனக்கு நாலு வருடம் நீளமாகத் தோன்றிய இரவுகளில் அவரை நினைத்துக்கொள்வேன்.

இரண்டாம் வருடக் கடைசியில்தான் என் ஆய்வு உருப்பெற்றது. ஐம்பது மைல் தள்ளி இருந்த ஒரு சிறிய மருத்துவமனை, புறநோயாளிப் பிரிவில் நேரப் பதிவை ஒழுங்குபடுத்த உதவி கேட்டிருந்தது. மனிதர்களைக் கவனித்து ஆய்வு செய்ய அங்கே தனி அனுமதி வாங்க வேண்டும். நாலு மாதம் பிடித்தது. அப்போது எரிச்சலாக இருந்தாலும் அந்த விதி நியாயமானது. 

நேரப் பதிவுக் கணக்குக்குப் பழைய வரலாறு உண்டு. பிரிட்டனில் நார்மன் பெய்லி 1952இல் ஒரு விதி சொன்னார்: மருத்துவர் வரும் நேரத்துக்கு இரண்டு நோயாளிகளை வரச்சொல், பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரச்சொல். முதல் ஆள் வராவிட்டாலும் மருத்துவர் சும்மா இருக்க மாட்டார். நாங்கள் எழுதும் கணக்குகளும் இன்றுவரை அந்த வழிதான். நோயாளியின் காத்திருப்புக்கு ஓர் எடை, மருத்துவர் சும்மா இருக்கும் நேரத்துக்கு ஓர் எடை. இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி அட்டவணை போடுவது. அப்புறம், சிலர் பதிவு செய்துவிட்டு வரமாட்டார்கள். யார் வரமாட்டார் என்று பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அவருடைய நேரத்திலேயே இன்னொருவரையும் பதிவதுண்டு. இதை நான் எம்.எஸ்.ஸிலேயே படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

ஒரு பிப்ரவரி காலை. வெளியே முழங்கால் பனி. ஸ்டாப்வாட்சும் அட்டையுமாகக் காத்திருப்பு அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி வந்தார். ஒன்பது மணிக்கு அவருக்கு நேரம், 8.40க்கே வந்துவிட்டார். சொந்த வண்டி கிடையாது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வண்டியில் இறக்கிவிட்டுப் போனார். போன இரண்டு முறையும் வண்டி கிடைக்காமல் அவர் வரவில்லை. ஆகவே கணினி அவரை வராத பட்டியலில் வைத்து, அதே ஒன்பது மணிக்கு இன்னொருவரையும் பதிந்திருந்தது. இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பாட்டி மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் பெயரைக் கூப்பிட்டபோது 10.25. நூற்றைந்து நிமிடம் என்று அட்டையில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. அந்தக் கைப்பையைப் பிடித்திருந்த விதம் அப்படியே என் அப்பத்தா பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டைப் பிடித்திருந்த விதம்.

அன்றிரவு எங்கள் துறை இருக்கும் கிரிஸம் ஹாலில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். மருத்துவரின் ஒரு நிமிடத்துக்கு 10 என்றும் நோயாளியின் ஒரு நிமிடத்துக்கு 1 என்றும் எடை போட்டிருந்தேன். முன்னால் எழுதியவர்கள் பலரும் அந்த மாதிரிதான் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். அந்த 10ஐயும் 1ஐயும் யார் முடிவு செய்தது? அதிலும் வராதவர் என்று கணிக்கப்படுகிறவர் யார்? வண்டி இல்லாதவர், ஷிப்ட் வேலை பார்ப்பவர், பிள்ளையை விட்டுவர ஆளில்லாதவர். ஏற்கெனவே சிரமப்படுகிறவரை மேலும் காக்கவைப்பதுதான் உகந்த விடை என்று என் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கில் பிழையே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

மறுநாள் நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எம்.எஸ். மாணவி கேட்டிருந்தால் கொடுத்த எடையைப் போட்டு முடி என்றிருப்பேன். நீ இதையே ஆய்வாக எடுத்துக்கொள்" என்றார். எனக்கு முனைவர் படிப்பு தொடங்கியது அந்த அறையில்தான். சராசரிக் காத்திருப்பைக் குறைப்பதற்குப் பதிலாக, மிக அதிகமாகக் காத்திருப்பவரின் நேரத்தைக் குறைக்கும்படி அட்டவணை போட்டால் என்ன ஆகும், மருத்துவர் எவ்வளவு நேரம் கூடுதலாகச் சும்மா இருப்பார் என்று இரண்டு வருடம் கணக்குப் போட்டேன். எங்கள் தரவில், மருத்துவர் இழந்தது கொஞ்சம். பாட்டி போன்றவர்களுக்குக் குறைந்தது நிறைய. முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழ் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை வேறோர் இதழில் வந்தது.

நாலாம் வருடம் அப்பத்தா இறந்துபோனாள். எம்.எஸ்.ஸுக்கு வந்தபோது கொடுத்த ஐந்து வருட விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. படிக்கும்வரை அமெரிக்காவுக்குள் இருக்கத் தடையில்லை. வெளியே போனால் சென்னையில் மறுபடி நேர்காணல் முடித்துத்தான் திரும்ப முடியும். நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் வரிசை. ஆய்வேடு பாதியில். வாசலில் கிடத்தியிருந்ததை அண்ணன் மகன் போனில் காட்டினான். அப்பா திரைக்கு முன்னால் வந்து, "நீ வரவேண்டாம் பாப்பா, அவளே அதத்தான் சொல்லியிருப்பா" என்றார். காத்திருப்பைப் பற்றி ஆய்வு செய்தவள் ஒரு வரிசையைத் தாண்ட முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிஎச்.டி.க்கு என்ன விலை என்று கேட்பவர்களிடம் உதவித்தொகைக் கணக்கோடு இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வருடம் பட்டம் வாங்கினேன். அடுத்த வருடம் கடன் முடிந்தது.

எம்.எஸ். முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் பேசுகிற தம்பி தங்கைகள் நிறையப் பேர். விசாவை நீட்டிக்க மட்டும் பிஎச்.டி. சேராதீர்கள், அதற்கு ஐந்து வருடம் மிகப் பெரிய தொகை. சேருமுன் அந்தப் பேராசிரியரிடம் இப்போது படிக்கிற மூன்று பேரிடமாவது பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பணம் கடைசி வருடம்வரை வருமா என்று கேளுங்கள். பிறகு, உங்களை விடாமல் குடைகிற ஒரு கேள்வியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ படித்துக் காட்டுங்கள். அவர்கள் பதிலுக்கு ஏதாவது சொன்னால் விண்ணப்பம் போடுங்கள்.