ஆலகாலமும் காரப்பேட்டையும்

காஞ்சிபுரம் போகிறவர்கள் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசித்துவிட்டு நேரே புடவைக் கடைக்குள் புகுந்துவிடுகிறார்கள். கச்சபேஸ்வரருக்கு நேரம் இருப்பதில்லை. அடுத்த தடவை அவசியம் எட்டிப் பாருங்கள். கச்சபம் என்றால் ஆமை. திருமால் ஆமை வடிவில் சிவனைப் பூஜித்த ஸ்தலம் அது. பாற்கடல் கடைந்தபோது மந்தர மலையைத் தாங்கிய அதே ஆமைதான். அமுதத்துக்கு முன்னால் அங்கே ஆலகால விஷம் வந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புராணக் கடல் இருக்கட்டும். நிஜக் கடலிலும் ஆலகாலம் உண்டு. அதைச் சுமக்கும் பிராணிகளில் சில, வெளியே ஓடு தெரியாத நத்தைகள். 2009-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்துக் கடற்கரைகளில் நாய்கள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, நம் பேத்தை மீனில் இருக்கும் விஷமே அங்கே ஒருவகைக் கடல் நத்தையிலும் இருந்தது!

நான் சொல்ல வந்தது வேறொன்று. கடல் முயல் என்று அதற்குப் பெயர். தலையில் இரண்டு கொம்புகள் முயல் காது மாதிரி நிற்கும். சீண்டினால் கத்தரிப்பூ நிறத்தில் மையைக் கக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் கடல் முயல்கள் உண்டு. 1972-ல், நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே மொரீஷியஸ் தீவருகே, அமெரிக்க ரசாயன நிபுணர் ஜார்ஜ் பெட்டிட்டின் குழு இவற்றைச் சேகரித்தது. ஒரு டன் பிராணியை அரைத்து வடித்தும் கிடைத்த நஞ்சு முப்பது மில்லிகிராமுக்கும் குறைவு. அது இன்னதென்று முழுசாகப் புரிய 1987 ஆகிவிட்டது. டோலாஸ்டாடின் என்று பெயரிட்டார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, நத்தை அதைத் தானே தயாரிப்பதில்லை. மேய்கிற நீலப்பச்சைப் பாசியிலிருந்து பெறுகிறது என்று.

இந்த நஞ்சு என்ன செய்யும்? பிள்ளையார்பாளையத்துத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஓடாவிட்டால் நெசவு ஏது? நம் உயிரணு இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே மெல்லிய இழைகள் ஓடியாக வேண்டும். நஞ்சு அந்த இழையைக் கட்ட விடாது. ஓயாமல் பெருகுகிற புற்றுநோய் அணுவுக்கு இதைவிட நல்ல தண்டனை இல்லை. ஆனால் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளியின் உடம்பு தாங்கவில்லை.

அப்புறம் செய்த காரியத்தைக் காஞ்சிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். புடவையின் உடலையும் கரையையும் பிரியாமல் பிணைக்கிறார்களே, கோர்வை, அதேதான்! நஞ்சைப் போன்ற ஒரு பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து, நோயுற்ற அணுவைத் தேடிப் பிடிக்கும் புரதத்தோடு கோர்த்தார்கள். இந்தக் கோர்வை அணுவுக்குள் போனதும் அவிழ வேண்டும். அது ஒன்றுதான் வித்தியாசம். நிணநீர்க் கணுக்களில் வரும் ஹாட்ஜ்கின் புற்றுநோய் மற்ற மருந்துக்கு மசியாமல் திரும்பி வந்தால் கொடுப்பதற்கு, 2011-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. பிரென்டக்ஸிமாப் வெடோடின் என்பது பெயர். பெயரைச் சொல்வதே கஷ்டம். விலை அதைவிடக் கஷ்டம்.

இதையெல்லாம் காஞ்சியில் வைத்து ஏன் சொல்கிறேன்? இந்த ஊரில் 1909-ல் பிறந்த அண்ணா, முதலமைச்சராக இருக்கும்போதே 1969 பிப்ரவரி 3-ம் தேதி புற்றுநோய்க்குப் பலியானார். ஊரை ஒட்டிய காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி நடக்கிறது. ஹாட்ஜ்கின் நோயில் பெரும்பாலோர் பழைய மருந்துகளாலேயே பிழைத்துக்கொள்கிறார்கள், சீக்கிரம் வந்தால். ஆகவே வாசகர்களே, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி சில வாரங்களாகக் கரையாமல் இருந்தால், கச்சபேஸ்வரர் கோவிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காரப்பேட்டைக்குப் போய்விடுங்கள்.