சாப்பாட்டு நேரத்துப் பாட்டு

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி இருக்கும் அந்தச் சைவக் கடையில் பின்னேரம் நாலு மணிக்கு உழுந்து வடை இறக்குவார்கள். நான் போவது அதற்காகத்தான். மற்றவர்கள் வேறு அலுவல்களுக்கும் வருகிறார்கள். கலியாணப் பேச்சு, காணி விற்பனை, கனடாவிலிருந்து வந்தவரிடம் பொதி வாங்குவது எல்லாம் அங்கே தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில்தான் நடக்கும். அன்று பக்கத்து மேசையில் ஒரு கம்பனி தன் வருடாந்த ஒன்றுகூடலுக்குப் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

விற்க வந்தவர் முதலே வந்து உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய உருவம். கழுத்துச் சங்கிலியில் சின்ன அந்தோனியார் பதக்கம். "தம்பி, சீனி கம்மியா" என்று அவர் தேத்தண்ணி கேட்டதிலேயே கொட்டாஞ்சேனை தெரிந்தது. வெள்ளவத்தைக்காரர் என்றால் "சீனி குறைச்சு" என்றிருப்பார். முன்னால் பிரௌன் பேப்பர் உறை போட்ட தடித்த சீ.ஆர். கொப்பி. அதன்மேல் அவருடைய வலக்கை விரல்கள் சும்மா கிடக்கவில்லை. மேலும் கீழுமாக எதையோ தேடித் தேடி அமத்திக்கொண்டிருந்தன. கீபோர்ட்காரர்.

வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முப்பது வயதுத் தமிழ்ப் பிள்ளை. அலுவலக அடையாள அட்டையைக் கழற்றாமல் சட்டைப் பைக்குள் சொருகியிருந்தார். மற்றவர் அவரோடு வேலை செய்யும் சிங்களவர், பெரிய உடம்பு, ஈரக் குடை. குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கதிரைக் காலில் சாய்த்துவிட்டுப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

"டிசம்பர் மாசம் அண்ணை" என்று பிள்ளை ஒரு திகதியைச் சொன்னார்.

பெரியவர் கொப்பியைத் திறக்கவில்லை. சுவர்க் கலண்டரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்குப் போயா, தம்பி."

சிங்களவரின் முகம் விழுந்தது. பக்தியால் அல்ல. போயா தினத்தில் ஹோட்டலில் கிளாஸ் நிறையாது. கிளாஸ் நிறையாவிட்டால் பத்து மணிவரை ஒருவரும் ஆட எழும்பமாட்டார்கள். பெரியவர் இதையெல்லாம் சிங்களத்தில் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. "ஹரி ஹரி" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். திகதி ஒரு கிழமை தள்ளிப்போனது.

பிறகு பிள்ளை போனைத் திறந்து பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். யாரோ ஒரு மேலதிகாரி அனுப்பியது. வாசலில் கண்டிய மேளம். குத்துவிளக்கு ஏற்றியதும் ஒரு பரதநாட்டியம், ஒரு கண்டிய நடனம், இரண்டும் சேர்ந்து ஒரு மூன்று நிமிடம். சாப்பாட்டுக்கு முன்னர் மேசை மேசையாகப் போய்ப் பாட கலிப்சோ ஆட்கள் மூன்று பேர். பிறகு பேண்ட். பேண்ட் இளைப்பாறும்போது டீஜே. எல்லோரும் கறுப்பும் தங்கமும் உடுக்கவேண்டும், பேண்ட்காரர் உட்பட. கிரிக்கெட் போட்டியில் வென்ற பிரிவுக்குக் கிண்ணம் கொடுக்கும்போது பப்பரே.

பப்பரே என்றதும் பெரியவரின் விரல்கள் ஒரு தரம் நின்றன. 1879 முதல் நடக்கும் ரோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் பெரிய போட்டிக்குக் கூடுகிற கூட்டம் ட்ரம்பெட்டும் மேளமுமாக ஊதி வளர்த்த இசை அது. திறந்த வெளியில்தான் அதற்கு மூச்சு. குளிரூட்டிய மண்டபத்துக்குள் ஊதினால் காது அடைக்கும். "ரெண்டு நிமிஷம் போதும்" என்றார். பிள்ளை போனில் குறித்துக்கொண்டார்.

"மண்டபத்துக்குள்ள இல்லை அண்ணை. கடற்கரைப் பக்கப் புல்வெளி."

"அப்போ பத்து மணிக்கு மூடணும்."

"பன்னிரண்டு வரைக்கும் எண்டுதான் மிஸ் சொன்னவா."

பெரியவர் பொறுமையாகச் சொன்னார். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளை போட்டதிலிருந்து இரவு பத்து முதல் காலை ஆறு வரை சும்மா கொடுக்கமாட்டார்கள். விசேஷ நிகழ்ச்சியென்றால் அக்கம்பக்கத்தவர்களைக் கேட்டுத்தான் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். "கடைசி ஒரு மணித்தியாலம் உள்ளுக்குப் போயிருவோம். சாமானைத் தூக்க ரெண்டு பையன் கூட வேணும். அதையும் எழுதிக்குங்க."

வெளியே 100ஆம் இலக்க பஸ் ஒன்று மழைத்தண்ணீரை நடைபாதைக்கு வாரி அடித்துவிட்டுப் போனது. வடைத் தட்டு வந்தது. மூவரும் ஒரு நிமிடம் வடையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

புதிய திகதியைப் பார்ப்பதற்காகப் பெரியவர் கொப்பியை விரித்தார். பக்கங்கள் வேகமாகப் புரண்டன. அந்த வேகத்தில் எழுத்துத் தெரியாது, ஆனால் நிறை குறை தெரியும். நெருக்கி எழுதிய பக்கங்கள். கலியாணம், கம்பனி, கார்னிவல் என்று மூன்று நிற மை. பிறகு சட்டென்று வெள்ளைத் தாள். நான் கணக்குப் பார்த்தேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் அன்று காலை குண்டு வெடித்த இடங்களில் ஒன்று, கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோய்ப் பூசை கேட்கக்கூடிய கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். மற்ற மூன்றும் கடலோர நகரத்தின் பெரிய ஹோட்டல்கள், பேண்ட்காரருக்கு வேலைத்தலங்கள். அதன் பிறகு கொவிட் ஊரடங்கு. அதன் பிறகு 2022, பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்கள், பெற்றோல் வரிசை. வெள்ளைத் தாள்களைக் கட்டைவிரலால் ஒரேயடியாகத் தள்ளிவிட்டு அவர் அந்த டிசம்பருக்கு வந்து சேர்ந்தார்.

"லிங்க் ஏதும் இருக்கோ அண்ணை? மிஸ் வீடியோ பாக்கவேணுமாம்."

"மகன் அனுப்புவான்." பெரியவர் சிரித்தார். "முன்னாடி எல்லாம் லிங்க் கேக்க மாட்டாங்க தம்பி. சண்டைக் காலத்துல செக்பொயின்ட்ல மட்டும் கேப்பாங்க. ராவு ரெண்டு மணிக்கு கீபோர்ட் பெட்டியத் தொறக்கச் சொல்லி, நெசமா வாசிக்கிறவனான்னு வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. ரோட்டுலயே. முழுப் பாட்டையும் நின்னு கேட்டது அவங்க மட்டுந்தான்."

சிங்கள நண்பருக்கு அது விளங்கியதோ தெரியவில்லை. பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு வடையைப் பிய்த்தார்.

அடுத்தது பாட்டு. பெரியவர் ஒரு பக்கத்தில் கோடு போட்டு மூன்று பத்தியாக்கினார்: சி, த, ஆ. சிங்களப் பத்தி தன்பாட்டில் நிறைந்தது. வொலி பஸ்டியன் காலத்துப் பைலாவில் தொடங்கி ஒரு நொன்ஸ்டொப், பிறகு புதிய பாட்டுகள். ஆங்கிலத்தில் பழையவை ஏழெட்டு. தமிழ்ப் பத்திக்கு வந்ததும் பேனை நின்றது.

"தமிழ் எத்தனை போடலாம்?"

பிள்ளை கதிரையை முன்னுக்கு இழுத்தார். குரல் இறங்கியது. "ஒண்டு ரெண்டு காணும் அண்ணை. கூடப் போட்டா ஆக்கள் கதைப்பினம்."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. 'சுராங்கனி' என்று எழுதினார். எழுதிய இடம் 'சி'க்கும் 'த'வுக்கும் நடுக்கோட்டின் மேல். நியாயந்தான். எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் ஊரெல்லாம் கொண்டுபோன பாட்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள்ளும் புகுந்து தமிழ்நாட்டைச் சுற்றியது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டை எந்தக் கம்பனியும் மறுப்பதில்லை; ஒரே பாட்டில் இரண்டு கணக்கும் தீர்ந்துவிடும்.

அப்போதுதான் சிங்களவர் எட்டிக் கொப்பியைப் பார்த்தார். தமிழ்ப் பத்தியின் வெறுமையைக் காட்டி ஏதோ கேட்டார். பிள்ளை பதில் சொன்னார். சிங்களவர் தலையை ஆட்டி, உடைந்த தமிழில் நேரே பெரியவரிடம் சொன்னார்: "அங்கிள், குத்துப் பாட்டு போடுங்க. நிறைய. எங்க ஆள் அதுக்குத்தான் ஆடுவான்." இருந்தபடியே தோளைக் குலுக்கியும் காட்டினார். மேசை அதிர்ந்து தேத்தண்ணி சிந்தியது. பிள்ளையும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

விலை கடைசியில் வந்தது. பெரியவர் கொப்பியிலிருந்து சின்னத் துண்டு கிழித்து ஏதோ எழுதி, கவிழ்த்துத் தள்ளினார். பிள்ளை நிமிர்த்திப் பார்த்து, ஒன்றை வெட்டி வேறொன்றை எழுதித் திருப்பித் தள்ளினார். மூன்று தரம் துண்டு போய்வந்தது. ஒரு தொகையும் என் காதில் விழவில்லை. இசைக்குப் பேசிய பேரத்தில் சத்தமே இல்லாத இடம் அது ஒன்றுதான். முடிவில் பெரியவர் ஒரு நிபந்தனையை மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "எங்க ஆறு பேருக்கும் சாப்பாடு, பார்சல் வேணாம். மேசையில."

"அது பிரச்சினை இல்லை அண்ணை."

அட்வான்ஸ் கைமாறியது. இருவரும் எழுந்து போனார்கள். பெரியவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

என் கதிரைக் காலில் குடை அப்படியே கிடந்தது. அதை எடுக்கப் பிள்ளைதான் திரும்பி வந்தார், தனியாக. எடுத்தும் போகவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"அண்ணை, நித்தி கனகரத்தினத்தின்ர 'சின்ன மாமியே' வாசிப்பியளோ?"

"ஏன் தம்பி வாசிக்காம?"

"குடும்பத்தோடதான் வரச் சொல்லியிருக்கினம். அம்மா வாறா. அவவுக்கு அந்தப் பாட்டெண்டா..." வசனத்தை முடிக்கவில்லை. "சாப்பாட்டு நேரத்தில போடுங்கோ. ஆக்கள் சாப்பிடேக்க. சத்தத்தில தெரியாது."

"சரி தம்பி."

பிள்ளை குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். பெரியவர் ரப்பர் பட்டியைக் கழற்றி, கொப்பியை மறுபடி திறந்து, 'த' பத்தியில் முதல் வரியாகப் பாட்டின் பெயரை எழுதினார். பக்கத்தில் நேரம் குறிக்க ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் அதை நிரப்பியிருந்தார். இதற்கு நிரப்பவில்லை. பட்டியைப் போட்டு எழுந்துவிட்டார்.