தந்தையாரின் தொழில்

திருக்குறளின் 9ஆம் அதிகாரமாகிய விருந்தோம்பலைக் கல்லூரியிற் கற்பிக்கும்போதெல்லாம் எமது மனக்கண்முன் தோன்றுபவர் எம் தந்தையாரே. அவர் அக்குறள்களை மனனஞ் செய்தவரல்லர். 5ஆம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். அடுப்படியே அவர் கண்ட கல்லூரி.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடையிற் பல்லாண்டு சமையல் செய்தார். விடியுமுன் அடுப்பு மூட்டுவார். இரவு கடைசி ஆள் கைகழுவிய பின்னரே தாம் உண்பார். வேலை தேடி வந்த இளைஞர் எவரேனும் ஒரு தோசையுடன் எழ முற்பட்டால், இன்னொன்றை இலையிலிடச் செய்து, அதன் காசைத் தம் சம்பளத்திற் கழிக்கச் சொல்வாராம். உடன் பணிபுரிந்த ஒருவர் பின்னாளிற் கூறக் கேட்டோம். ஆண்டுக்கு இருமுறையே யாழ்தேவியில் ஊர் வருவார்.

1983 ஆடிக் கலவரத்தில் அக்கடை தீக்கிரையாயிற்று. கப்பலிற் காங்கேசன்துறை வந்திறங்கியவர், அதன்பின் கலியாண வீடுகளிலும் அந்தியேட்டி வீடுகளிலும் சமைத்து எம்மை வளர்த்தார்.

நாம் 8ஆம் ஆண்டிற் பயின்றபோது பாடசாலையில் ஒரு படிவம் தந்தனர். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என எழுதினோம். தோழர் நகைப்பர் என்ற அச்சமே காரணம். கையொப்பத்துக்காக அதனை நீட்டியபோது, தந்தையார் அச்சொல்லைச் சற்று நேரம் நோக்கினார். ஒன்றும் வினவாது ஒப்பமிட்டார். அன்றிரவும் எமக்கே முதலிற் சோறிட்டார்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். நாமும் நடந்து, சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஒதுங்கினோம். மறுநாள் தந்தையார் அயலிற் கிடாரமொன்று இரவல் வாங்கி, நனைந்த விறகை ஊதி ஊதி எரியவைத்துக் கஞ்சி காய்ச்சலானார்.

"ஒரு கொத்து அரிசி சோறெண்டால் அஞ்சு பேருக்கு; கஞ்சியெண்டால் இருபது பேருக்குக் காணும், தம்பி" என்றார்.

நாம் நீர் சுமந்தோம். குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முதலில் வார்த்தார். பின்பு நின்ற வரிசையில், பேணியும் சிரட்டையும் ஏந்தியவராய், எமது வகுப்புத் தோழரும் அவர்தம் பெற்றோரும் நின்றனர்.

"உன்ரை அப்பா சமையல்காரரோ?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

"ஓம்" என்றோம்.

அது தந்தையாரின் செவியில் விழுந்ததோ அறியோம். அகப்பையை நிறைத்து அவன் பேணியில் வார்த்தார். அன்று அவர் கிடாரத்தை வழித்து உண்டபோது பொழுது சாய்ந்துவிட்டது.

2011ஆம் ஆண்டு அவர் காலமானார். மரணத்தைப் பதியச் சென்றபோது, அன்னாரின் தொழில் யாதெனப் பதிவாளர் வினவினார். "சமையற்காரர்" என்றோம். அவர் எழுதி முடிக்கும்வரை அருகே நின்று பார்த்தோம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பொய்யைத் திருத்த எமக்குக் கிடைத்த தாள் அஃதொன்றே.

மாணவ மணிகளே! உங்கள் கையிலும் அத்தகைய படிவம் ஒருநாள் வரும். உள்ளதை எழுதி, உங்கள் தந்தையாரிடம் கையொப்பத்துக்கு நீட்டுங்கள்.