‘அப்ப’ என்று ஒரு சொல்

கண்டெய்னர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணில், கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களை ஒட்டித்தான் தினமும் நடக்கிறேன். அந்தக் கட்டம் என் கண்ணில் பட்டதே இல்லை. திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைப் படிப்பகத்துக்கு வரும் ஏழாம் வகுப்புப் பெண்தான் கேட்டாள். “அக்கா, கடைசி நம்பருக்கு மட்டும் இன்னாத்துக்குக் கட்டம் போட்டுக்கிறாங்க?”

படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவள் காத்திருக்கவில்லை. “எல்லாப் பெட்டிலயும் கடைசிலதான் கீது. அப்ப அது மத்த நம்பர் மாதிரி இல்ல. வேற எதுக்கோ போட்டது.”

கட்டத்தை விட்டுவிட்டு அந்த ‘அப்ப’வைப் பிடித்துக்கொண்டேன். அப்பொழுது என்ற காலச் சொல்தான் தேய்ந்து அப்போது, அப்போ, அப்ப என்று ஆகியிருக்கிறது. ‘மழை வந்தது, அப்ப நான் கடையில இருந்தேன்’ என்பதிலும் அதுதான். ‘தரை ஈரமா இருக்கு, அப்ப மழை பெஞ்சிருக்கு’ என்பதிலும் அதுதான். ஒன்றின்போது இன்னொன்று நடந்ததைச் சொன்ன சொல், ஒன்று உண்மையானால் இன்னொன்றும் உண்மை என்று சொல்லவும் வந்துவிட்டது. தர்க்கம் என்று தனியாக ஒரு பாடம் நடத்தாமலேயே நம் பிள்ளைகள் மூன்று வயதில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். காசிமேட்டில் மீன் வாங்கும் என் ஆயா செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டைவிரலால் சதையை ஒரு அமுக்கு அமுக்குவாள். குழி விழுந்து அப்படியே நின்றால், “அப்ப இது நேத்து மீனு” என்று கூறைத் தள்ளிவிடுவாள். ஏலக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்த ‘அப்ப’ மாறாது.

விளையாட்டுக் கணக்கு, புதிர் என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்று நினைக்கிறேன். விடையைச் சட்டென்று சொல்லிவிடுகிற பையனைவிட, பாதியில் நின்று “அப்ப...” என்று இழுக்கிறவன்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். நான் படித்த காலத்தில் அந்த இழுவைக்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை. நாம் வாய் திறப்பதற்குள் விடை கரும்பலகையில் இருக்கும்.

2025 ஆகஸ்டில் அதே பெண் அம்மாவின் போனோடு வந்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. இந்த மாதம் 5 வெள்ளி, 5 சனி, 5 ஞாயிறு. இப்படி 823 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். பத்துப் பேருக்கு அனுப்பினால் வீட்டுக்குப் பணம் வரும். அம்மா அனுப்பியாயிற்று. நான் பொய் என்று சொல்லவில்லை. சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. அதை எடுத்துத் தரையில் வைத்தேன்.

“ஒரு மாசத்துல 28 நாளுதான்னா, ஒவ்வொரு கிழமையும் எத்தினி தபா வரும்?”

“நாலு.”

“31 நாள்னா?”

“மூணு மிச்சம்.” விரலைக் கீழ் வரிசையில் வைத்தாள். 29, 30, 31. விரல் மேலே போய் 1, 2, 3-ல் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. வெளியே ஒரு டிரெய்லர் ஏர் பிரேக்கை விட்டுவிட்டு ஊர்ந்தது. நான் பேசவில்லை, பேசிவிடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமானது.

“அப்ப... ஒண்ணாந்தேதி இன்னா கெழமையோ, அதான் 29-ம். அப்ப அந்த மூணு கெழமைதான் அஞ்சு தபா வரும். 31 நாள் மாசம் வெள்ளிக்கெழமை பொறந்தா போதும்.” பிறகு நிமிர்ந்தாள். “31 நாள் மாசம் வருஷத்துல ஏழு கீதேக்கா. அப்ப எதுக்கு 823 வருஷம்?”

பழைய காலண்டர் தாள்களைத் தேட ஆரம்பித்தோம். பாதி, பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகியிருந்தன. மற்றதைப் போனில் பார்த்தோம். 2024 மார்ச், 2023 டிசம்பர், 2022 ஜூலை. 2021-ல் ஜனவரி, அக்டோபர் என்று இரண்டு. வரிசையாக இருந்துகொண்டே வந்தது, 2018-ல் நின்றது. அந்த வருஷத்தில் ஒன்றுமில்லை. ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கே பொறுக்கவில்லை. இரண்டு சனிக்கிழமை ஆனது. லீப் வருஷம் அல்லாத ஆண்டுகளில் ஜனவரியும் அக்டோபரும் ஒரே கிழமையில் பிறக்கின்றன; அதனால் 31 நாள் கொண்ட ஏழு மாதங்களும் ஆறு கிழமைகளில்தான் பிறக்க முடியும்; ஒரு கிழமைக்கு இடமில்லை. 2018-ல் அப்படி விடுபட்டது வெள்ளி. இதைத் தானாகக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் கண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காலண்டரைப் பாடப் பொருளாக்கும் எண்ணம் என்னுடையதல்ல. பி.கே. சீனிவாசன் கொடுத்தது. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் பிறந்து 2005-ல் மறைந்தவர். காலண்டரை மட்டும் வைத்துக்கொண்டு எண் விளையாட்டுகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள். நடுவில் இருப்பதை ஒன்பதால் பெருக்கினால் மொத்தக் கூட்டுத்தொகை. முதலில் வித்தை மாதிரி இருக்கும். நடுத்தேதிக்கு மேலே இருப்பது ஏழு குறைவு, கீழே இருப்பது ஏழு கூட. இடப்பக்கம் ஒன்று குறைவு, வலப்பக்கம் ஒன்று கூட. எதிரெதிராக நிற்பவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரு குழந்தை இதைச் சொல்லிவிட்டால் வித்தை போய்விடும். போனால்தான் நல்லது. விலை கொடுத்து வாங்கவேண்டிய ‘மூளை வளர்ச்சிப் பெட்டி’களைப் பார்க்கும்போதெல்லாம், எந்தக் குடிசையிலும் ஒரு ஆணியில் தொங்கும் இந்தத் தாளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் ஆள் ஆளாகத் தேடித் திரட்டி 1968-ல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தவரும் இவர்தான். 1993-ல் ராமானுஜன் அருங்காட்சியகத்தை, கணிதக் கல்வி மையம் என்ற பெயரையும் சேர்த்து, ராயபுரத்தில் தொடங்கினார். இடம் பொருத்தம்தான். தெற்கே கொஞ்ச தூரத்தில் துறைமுகம். 1912 மார்ச் 1-ம் தேதி, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தது அந்தத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில்தான். மறு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தேற்றங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது இல்லை. ஹார்டி பதிலில் நிரூபணம் கேட்டார். ராமானுஜனின் குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதைத்தான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதைக் கேட்கும் குழந்தை, கணக்கு யாருக்கோ வரும் வரம் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஹார்டி கேட்டதையும் சொல்ல வேண்டும். அந்த மேதையிடமே ஒருவர் ‘எப்படி?’ என்று கேட்டார், அவரும் கப்பலேறிப் போய் ஐந்து வருஷம் அதற்காக உழைத்தார் என்று தெரிந்தால், காசிமேட்டுப் பிள்ளைக்கும் அவர் கொஞ்சம் பக்கத்தில் வருவார். அவர் பெயரிலான அருங்காட்சியகத்தை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஏற்படுத்தினார் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கட்டத்தின் சங்கதிக்கு வருகிறேன். பெட்டி எண் என்பது நான்கு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு கட்டத்துக்குள் ஓர் இலக்கம். எழுத்துகளுக்கு ஏ 10, பி 12 என்று மதிப்பு உண்டு. 11, 22, 33 மூன்றையும் தாண்டிப் போகவேண்டும். முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருப்பது. மீதி 10 வந்தால் 0. கிளார்க் எங்காவது ஓர் எழுத்தையோ இலக்கத்தையோ மாற்றி எழுதிவிட்டால் அநேகமாக மீதி காட்டிக்கொடுத்துவிடும். 11-ஐ ஏன் தாண்டுகிறார்கள் என்று பையன்களில் ஒருவன் கேட்டான். பதில் சொன்னது அவள்தான். “11 போட்டா 11-ல வகுக்கும்போது மிச்சமே வராது. அப்ப அந்த எழுத்து இருந்தும் இல்லாத மாதிரிதானே?”

போன சனிக்கிழமை படிப்பகப் பிள்ளைகள் ஆறு பேரும் நோட்டும் பென்சிலுமாகச் சாலை ஓரத்தில் நின்றார்கள். வரிசை நகரவில்லை, நிதானமாகப் பெருக்க நேரம் இருந்தது. ஒரு சிவப்புப் பெட்டிக்கு மீதி 4 வந்தது. கட்டத்தில் வேறு எண். “பெட்டிலதான் தப்பு” என்று பையன்கள் குதித்தார்கள். டிரைவர் அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவள் நோட்டைப் பிடுங்கி மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

“டேய், எல்லுக்கு 22 போட்டுக்கீங்க. 23 வரணும். அப்ப...”

டிரெய்லர் நகர ஆரம்பித்தது. அவள் நோட்டைப் பார்த்தபடியே கூட நடந்தாள்.