கிறான்பி வட்டாரத்து வாக்குப் பெட்டி

இங்கிலாந்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இலண்டன் மாநகரோடு நின்றுவிடுவர். தேம்ஸ் நதிக்கரையில் ஓங்கி நிற்கும் பாராளுமன்றத்தைக் கண்டு, மக்களாட்சி வளர்ந்த வீடு இதுவே எனப் போற்றித் திரும்புவர். அது பிழையன்று. ஆயினும் அம்மக்களாட்சி நடை பயின்ற முற்றங்கள் வேறு பல உள. தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், குடிநீர், ஏழையின் வீடு என்பவற்றைப் பற்றி வாதாடிய நகர சபைகளே அம்முற்றங்கள். அத்தகைய சபையொன்றையும், 1909ஆம் ஆண்டு அதற்கு நடைபெற்ற சிறு தேர்தல் ஒன்றையும் அறியும் பொருட்டு, மேர்சி நதி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த லிவர்பூல் நகருக்குச் செல்வோம்.

துறைமுகமும் அதன் செல்வமும்

லைம் வீதிப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நம் கண்முன் தோன்றுவது சென் ஜோர்ஜ் மண்டபம். பருத்த தூண்கள் வரிசையாகத் தாங்கி நிற்கும் இம்மண்டபம் 1854ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. பண்டைக் கிரேக்கக் கோயிலொன்று வழிதவறி வடநாட்டுக் குளிருக்குள் வந்து நிற்பது போன்ற காட்சி அது. மண்டபத்தின் பின்புறத்தே சென் ஜோன் பூங்கா. அங்குள்ள சிலைகளுள் ஒன்று வில்லியம் றாத்போன் என்னும் வணிகருடையது. நோயுற்றிருந்த தம் மனைவியை இறுதிவரை பேணிய தாதியின் தொண்டினைக் கண்டு, இத்தகைய உதவி ஏழைகளின் வீட்டுக்கும் செல்லல் வேண்டும் என எண்ணினார் அவர். 1859ஆம் ஆண்டு தம் செலவிலேயே தாதி ஒருவரை ஏழைகளின் குடியிருப்புகளுக்கு அனுப்பினார். வீடு தேடிச் சென்று நோயாளரைப் பேணும் தாதியர் சேவை இங்கிலாந்திலே இவ்வாறு தொடங்கிற்று. நம் கதைக்கு நாயகியாகிய எலினர் றாத்போன் இவருடைய மகளாவார்.

பூங்காவை விட்டு டேல் வீதி வழியே மேற்கு நோக்கி நடப்போமாயின், அவ்வீதியின் எல்லையில் நகர மண்டபம் எதிர்ப்படும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். குவிந்த மாடத்தின் உச்சியிலே அறிவுத் தெய்வமாகிய மினேர்வாவின் உருவம். வெளிச்சுவரின் மேற்புறத்தை உற்று நோக்குவோர் யானைத் தலைகளையும் ஆபிரிக்க மாந்தர் முகங்களையும் செதுக்கியிருப்பதைக் காண்பர். நகரின் பழஞ் செல்வத்திலே அடிமை வாணிகத்தின் பங்கு எத்துணைப் பெரிதென்பதற்கு அக்கல்லே சாட்சி. இம்மண்டபத்தினுள்ளேதான் நகர சபை கூடியது, இன்றும் கூடுகின்றது.

நகர மண்டபத்திலிருந்து சிறிது தூரத்தில் மேர்சி நதி. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பெருந் துறைமுகங்களுள் இதுவும் ஒன்று. பஞ்சும் தானியமும் மரமும் வந்திறங்கின. இறக்கிய தொழிலாளரோ நிலையான வேலை அற்றவர். தினந்தோறும் குறித்த இடங்களிலே கூடி நிற்பர். கங்காணி சுட்டியவனுக்கு அரைநாள் வேலை, மற்றவனுக்கு வெறுங்கை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து சமர்வில் கல்லூரியிலே தத்துவம் பயின்று திரும்பிய எலினர் றாத்போன் இவர்களது நிலையை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். கணவன் இன்று என்ன கொணர்வான் என அறியாத மனைவி வீட்டை எவ்வாறு நடத்துவாள் என்னும் வினா அவர் உள்ளத்தே அன்று பதிந்தது. பின்னர் அது நீங்கவேயில்லை.

யாருக்கு வாக்கு?

நிற்க, அக்காலத் தேர்தல் முறையைச் சற்று நோக்குவோம். நகரம் பல வட்டாரங்களாக வகுக்கப்பட்டிருந்தது. வட்டாரமொன்றுக்கு மூன்று உறுப்பினர். ஒருவருக்கு மூன்றாண்டுப் பதவி. ஆண்டுதோறும் மூவருள் ஒருவர் விலக, நவம்பர் முதலாம் நாள் அவ்விடத்துக்குத் தேர்தல் நடைபெறும். இடையிலே இடம் வெற்றிடமானால் இடைத்தேர்தல். உறுப்பினர் கூடி ‘ஓல்டர்மன்’ எனப்பட்ட மூத்தோரை ஆறாண்டுக்குத் தெரிவு செய்வர். நவம்பர் 9ஆம் நாள் நகரத் தலைவரைத் தெரிவு செய்வர். வாக்குச் சீட்டு முறை 1872ஆம் ஆண்டிலேயே இரகசியமாக்கப்பட்டுவிட்டது.

வாக்கு எல்லோருக்கும் உரியதன்று. வீட்டுக்கோ கடைக்கோ சோலைவரி இறுத்தவரே வாக்காளர். வாடகைக்கு ஓர் அறையில் ஒண்டியிருந்தவருக்கு வாக்கில்லை. வறுமையால் ஏழை நிவாரணம் பெற்றவருக்கும் இல்லை. பெண்களைப் பொறுத்தவரை நிலைமை விசித்திரமானது. வரியிறுக்கும் பெண்ணுக்கு நகர சபை வாக்குரிமையை 1869ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. மூன்றாண்டு கழித்து நீதிமன்றம் அதற்கு வரம்பிட்டது: மணமாகாதவளும் கைம்பெண்ணும் வாக்களிக்கலாம், கணவனுடன் வாழ்பவள் வாக்களிக்கலாகாது. மணமாலை கழுத்தில் ஏறியதும் வாக்குச் சீட்டு கையை விட்டு இறங்கிற்று. கணவன் இறந்த பின்னர் அது மீண்டு வந்தது!

வாக்களிக்கலாமேயன்றிப் பெண் அபேட்சகராக நிற்கலாகாது என்னும் தடை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே ஒக்ஸ்போட் நகர சபைக்கு சோபியா மெறிவேல் தெரிவானார். மறு ஆண்டு மன்செஸ்டரில் மார்கிறட் அஷ்டன் வெற்றி பெற்றார். அதே 1908இல், இங்கிலாந்தின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராகிய எலிசபெத் கறற் அண்டர்சன் ஓல்ட்பறோ என்னும் சிற்றூரின் நகரத் தலைவரானார். பாராளுமன்றத் தேர்தலிலே பெண்ணுக்கு ஒரு வாக்குக்கூட இல்லாத காலத்தில் இவை நிகழ்ந்தன என்பதை மாணவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். நகரம் என்பது ஒரு பெரிய வீடு. வீட்டைப் பேணத் தெரிந்தவள் நகரையும் பேணுவாள் என்று பெண்களின் சார்பில் வாதிட்டோர் கூறினர். வீட்டை விட்டு வெளியேறாதே எனத் தடுத்தோருக்கு அவ்வீட்டைக் கொண்டே விடையிறுத்தனர்.

1909: ஒரு வட்டாரத்தின் தெரிவு

லிவர்பூல் சபையிலே கொன்சர்வேட்டிவ் கட்சியினரின் ஆதிக்கம் நெடுங்காலம் நிலவியது. எதிரே லிபரல் கட்சியினர். அயர்லாந்திலிருந்து குடியேறியோரின் வட்டாரங்களிலே ஐரிஷ் தேசியவாதிகள். அரசியற் பிரிவோடு சமயப் பிரிவும் பின்னிக் கிடந்தது. 1909ஆம் ஆண்டுக் கோடையிலே புரட்டஸ்தாந்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே தெருக்களிற் பெருங் கலவரம் மூண்டது. அக்கலவரம் அடங்கிச் சில மாதங்களே கழிந்த ஒக்டோபரில், நகரின் தென்பாகத்து ரொக்ஸ்டெத் பகுதியைச் சேர்ந்த கிறான்பி வட்டாரத்திற்கு இடைத்தேர்தல் வந்தது. கட்சி எதனையும் சாராத சுயேச்சை அபேட்சகராக முப்பத்தேழு வயதுடைய எலினர் றாத்போன் நின்றார், வென்றார். லிவர்பூல் நகர சபையின் முதற் பெண் உறுப்பினர் அவரே.

அந்த வாக்குப் பெட்டியிலே விழுந்த சீட்டுக்களுட் பெரும்பாலன ஆடவருடையவை. எஞ்சியவை கைம்பெண்களும் கன்னியருமாகிய சிலருடையவை. துறைமுகத் தொழிலாளியின் மனைவி ஒருத்தியின் சீட்டேனும் அதனுள் இல்லை. யாருடைய துயரைப் பேச அவர் சபைக்குச் சென்றாரோ, அவர்கள் அவருக்கு வாக்களிக்க இயலாதவர்கள். வாக்கைத் தேடியே தொண்டு செய்வோர் நிறைந்த உலகிலே இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் அச்சபையில் இருந்தார். நகரின் வீடமைப்பு அவர் பெரிதும் கவனஞ் செலுத்திய பணி. 1869ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கு வீடு கட்டிக் கொடுத்த சபை அது. எனினும் பிள்ளைகள் மிகுந்த குடும்பத்துக்கு அவ்வீட்டு வாடகையும் பெருஞ் சுமையாயிற்று. ஏழை நிவாரணத்தில் வாழ்ந்த கைம்பெண்களின் நிலையை ஆராய்ந்து 1913இல் மற்றோர் அறிக்கை வெளியிட்டார். முதலாம் உலகப் போர் மூண்டபோது, களத்துக்குச் சென்றோரின் மனைவியருக்குப் பணம் வழங்கும் பணியை அந்நகரில் மேற்கொண்டார். வாரந்தோறும் தவறாது தாயின் கையிற் சிறுதொகை சேருமாயின் பிள்ளைகளின் வயிறும் முகமும் எவ்வாறு மாறும் என்பதை அங்கே கண்டார். அக்காட்சியிலிருந்து பிறந்ததே குடும்பப் படி என்னும் கொள்கை. 1924ஆம் ஆண்டு அதனை நூலாக எழுதினார். 1929இல் பல்கலைக்கழகத் தொகுதியின் சுயேச்சை உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்து அங்கும் அதனையே வற்புறுத்தினார்.

1945ஆம் ஆண்டு குடும்பப் படிச் சட்டம் நிறைவேறிற்று. மசோதாவிலே பணம் தந்தைக்கு உரியதென எழுதப்பட்டிருந்தது. முதுமையையும் பொருட்படுத்தாது அவர் போராடி, தாய்க்கே உரியதென மாற்றுவித்தார். மூத்த பிள்ளை ஒழிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஐந்து சிலிங். 1946 ஆகஸ்டில் முதற்பணம் தாய்மார் கையை அடைந்தது. அதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாளே காலமாகிவிட்டார்.

இன்றைய கிறான்பி

கிறான்பி வீதிக்குச் செல்வோர் அழகிய செங்கல் வீடுகளின் வரிசைகளைக் காண்பர். 1981ஆம் ஆண்டு ரொக்ஸ்டெத்திலே மூண்ட கலவரத்தின் பின் இப்பகுதி வெறிச்சோடிற்று. வீடுகள் பலகை அடித்து மூடப்பட்டன. பல இடித்துத் தள்ளப்பட்டன. எஞ்சிய நான்கு தெருக்களின் மக்கள், அவருட் சிறப்பாகப் பெண்கள், தெருவைக் கூட்டினர், பூச்சாடிகள் வைத்தனர், மூடிய சன்னல்களுக்கு வண்ணந் தீட்டினர், கேர்ன்ஸ் வீதியிற் சந்தை நடத்தினர். 2011ஆம் ஆண்டு நிலத்தைப் பொதுவிற் பேணும் அமைப்பொன்றை நிறுவினர். அவர்களுடன் சேர்ந்து வீடுகளைப் புதுக்கிய அசெம்பிள் என்னும் குழுவினருக்கு, பிரித்தானியாவின் புகழ்மிக்க கலைப் பரிசாகிய ரேணர் பரிசு 2015ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. கூரை இழந்து நின்ற இரு வீடுகளினுள்ளே இன்று குளிர்காலப் பூங்கா ஒன்று தழைக்கின்றது.

நம் நாட்டிலும் இக்கதைக்கு ஓர் எதிரொலி உண்டு. யாழ்ப்பாணத் தமிழரை மணந்து இலங்கையையே தாயகமாகக் கொண்ட கனடா நாட்டு மருத்துவர் மேரி இரத்தினம், பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்து, 1937ஆம் ஆண்டு கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். அவர் நின்ற காலத்திலே, 1931ஆம் ஆண்டு தொடக்கம், இந்நாட்டு மனைவியரும் வாக்காளராயிருந்தனர்.

லிவர்பூல் தாய்மாருக்கு அப்பேறு 1909இல் இல்லை. ஆயினும் அவர்களுக்காகப் பேசும் குரலொன்று வாய்க்காலும் விளக்கும் பற்றிப் பேசிய சபைக்குள் அன்று நுழைந்தது. அக்குரல் முப்பத்தாறு ஆண்டுகள் தளராது பேசி, நாடு முழுவதற்கும் ஒரு சட்டமாக வெளிவந்தது. உள்ளூர்ச் சபைத் தேர்தல்தானே என வாக்குச் சாவடிக்குச் செல்லாது வீட்டில் இருந்துவிடுவோர் கிறான்பி வட்டாரத்து வாக்குப் பெட்டியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக.